காய் வேகுமுன் புளி

2019இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாம்பாரில் முருங்கைக்காய் வேகுமுன்பே அம்மா புளியைக் கரைத்து ஊற்றிவிட்டாள். புளி விழுந்த பிறகு காய் வேகாது என்பது அடுப்படியில் ஒரு வாரம் நின்ற சிறுமிக்கும் தெரியும். அப்பா ஒரு துண்டைக் கடித்துத் தட்டோரம் துப்பிவிட்டு, "நாப்பது வருசமா சமைக்கிறவளுக்கு இதுகூடவா தெரியாது?" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. முனைவர் பட்டம் பெற்ற மகள், பெண் எழுத்து குறித்து மேடைதோறும் பேசுகிறவள், அன்று தயிரைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனேன்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. பால் பொங்கி வழியும்போது அவள் அதே இடத்தில்தான் நின்றிருப்பாள். குக்கர் விசிலை எண்ண ஆரம்பித்தால் தாளிப்பு கருகிவிடும், தாளிப்பைப் பார்த்தால் விசில் எண்ணிக்கை விட்டுப்போகும். பெருங்காயம் மணக்கவில்லை என்று அப்பா சொன்னார். அம்மாவுக்கு எதுவுமே மணக்கவில்லை என்பதை யாரும் கேட்கவில்லை. காலண்டர் தாளில் அவள் எழுதிவைக்கும் பால் கணக்கில் எழுத்துகள் மாதத்துக்கு மாதம் சிறுத்துக்கொண்டே வந்தன. ஓலைச்சுவடியின் மங்கிய எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கப் பயிற்சி பெற்றவள் நான். என் தாயின் எழுத்து கடுகளவுக்குச் சுருங்கியதைப் பேனா சரியில்லை என்றே நினைத்தேன்.

கை நடுங்க ஆரம்பித்தது அதற்கு ஒன்றரை வருடம் கழித்து. அப்போதுதான் வீடு விழித்தது. விருந்தாளிக்குக் காபி கொடுக்கும்போது டம்ளரும் டவராவும் தாளம் போட்டால் மானக்கேடு அல்லவா? அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு வாடகைக் கார் பிடித்து அழைத்துப் போனார்கள். பார்க்கின்சன் நோய் என்றார் மருத்துவர்.

தமிழில் இதற்கு நடுக்குவாதம் என்று பெயர். எனக்கு இந்தப் பெயரோடு சண்டை இருக்கிறது. அடுத்தவர் கண்ணுக்குத் தெரிவது எதுவோ அதையே நோயின் பெயராக வைத்திருக்கிறோம். நடுக்கமே வராத பார்க்கின்சன் நோயாளிகளும் உண்டு. அன்றாட வாழ்வை அதிகம் குலைப்பது நடுக்கம் அல்ல என்று நோயாளிகள் சொல்வதும் உண்டு. மூளையின் அடியாழத்தில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிகின்றன. அந்த டோபமைன் கைகால் அசைவுக்கு மட்டும் பயன்படுவதில்லை. ஒரு வேலையைத் தொடங்குவது, எது முதலில் எது பிறகு என்று வரிசை போடுவது, ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவது, இரண்டை ஒரே நேரத்தில் மனதில் வைத்திருப்பது ஆகியவற்றை முன்மூளை செய்யும்போதும் அது வேண்டும். டிமென்ஷியா என்று சொல்லும் நிலைக்கு வராத பார்க்கின்சன் நோயாளிகளிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் சிந்தனையில் அளவிடக்கூடிய தடுமாற்றம் இருக்கிறது. அல்சைமர் நோயில் போல நினைவு அழிந்துபோவதாக இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. பெரும்பாலும் உள்ளே இருப்பதை எடுத்துக் கொடுக்க நேரமாகிறது, அவ்வளவுதான். ஒரு சிறு குறிப்புக் கொடுத்தால் வந்துவிடும்.

வரிசை, தாவல், ஒரே நேரத்தில் இரண்டு. இவற்றை வாசிக்கும்போது உங்களுக்கு எந்த இடம் நினைவுக்கு வருகிறது? எனக்கு அடுக்களைதான் வந்தது. மூன்று அடுப்பு, ஒரு குக்கர், எட்டேகாலுக்கு டிபன் பாக்ஸ், பத்து மணிக்குச் சிலிண்டர்காரர், சர்க்கரை நோயாளியான மாமியாருக்குத் தனியே ஒரு கூட்டு. இத்தனையையும் பல்லாண்டுகள் தலைக்குள் ஓட்டிய ஒருத்தியின் மூளையை யாரும் மூளை என்று மதித்ததில்லை. அதைக் கைப்பக்குவம் என்றோம். கைக்கு என்ன பக்குவம்? பக்குவம் இருந்தது தலையில். தேசிய அளவில் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், செய்யும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகத் தெரியவந்தது. அந்த 299 நிமிடத்துக்கு வெளியே, படுத்துக்கொண்டே நாளைக்கு மாவு இருக்கிறதா என்று யோசிக்கும் நேரத்தை எந்தப் பட்டியலில் எழுதுவது?

சிந்தனை என்று நாம் ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத ஒன்று குறையும்போது, அது சிந்தனைக் குறைவாகத் தெரியாது. அக்கறைக் குறைவாகத்தான் தெரியும். ஆண் அதிகாரி ஒருவர் கோப்புகளை முறைமாற்றி வைத்தால் வாரத்துக்குள் ஸ்கேன் எடுப்பார்கள். அம்மாவுக்கு, "வர வர ஒண்ணுலயும் கவனமே இல்ல" என்ற ஏச்சு ஒன்றரை வருடம் கிடைத்தது.

இந்த நோயின் வரலாறே இப்படித்தான் தொடங்குகிறது. 1817இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் தன் சிறுநூலில் ஆறு பேரை விவரித்தார். ஆறு பேரும் ஆண்கள். அவர்களில் சிலரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி. புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்று அந்த நூலில் எழுதினார். தெருவில் நடந்துபோகிறவரின் கை நடுக்கம் தெரியும், யோசனை தெரியுமா? அரை நூற்றாண்டு கழித்துப் பாரிசில் ஷார்கோ என்ற மருத்துவர் இதே நோயை ஆராய்ந்தார். அவர் வேலை செய்த சால்பெத்ரியேர் மருத்துவமனை, ஏழைப் பெண்களும் வயதான பெண்களும் ஆயிரக்கணக்கில் அடைந்து கிடந்த இடம். ஆண்டுக்கணக்கில் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நாள்பட நாள்பட மனமும் மங்குகிறது, நினைவும் தளர்கிறது என்று சொன்னார். ஆனால் நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரை வைத்ததும் அதே ஷார்கோதான். தங்கள் தலைக்குள் நடந்ததைக் காட்டிக்கொடுத்த அந்தப் பாரிஸ் கிழவிகளின் பெயரை நாம் யாரும் சொல்வதில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பார்க்கின்சன் நோய் பெண்களைவிட ஆண்களுக்குத்தான் அதிகம் வருகிறது, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சிந்தனைத் திறன் குறைவதும் சோதனைகளின்படி ஆண்களிடம்தான் கூடுதல் என்கிறார்கள். இருக்கலாம். யாருக்கு அதிகம் என்பதல்ல என் வழக்கு. யாருடையதை முதலில் பார்க்கிறோம், யாரிடம் போய்க் கேட்கிறோம் என்பதுதான்.

மருத்துவர் அறையில் நடந்ததைச் சொல்கிறேன். அம்மா எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவர் அப்பாவைப் பார்த்து, "இவங்க எப்படி இருக்காங்க சார்?" என்கிறார். "நல்லாத்தான் இருக்கா. சாப்பிடுறா, தூங்குறா. கைதான் ஆடுது" என்று அப்பா பதில் சொல்கிறார். ஒரு மாட்டைப் பற்றியும் இதே சொற்களில் பேசலாம். அம்மா வாயைத் திறக்கிறாள், சொல் வெளியே வரப் பத்து நொடி ஆகிறது. அதற்குள் சீட்டு எழுதி முடிந்துவிடுகிறது.

அந்தச் சீட்டில் ட்ரைஹெக்சிஃபெனிடில் என்ற மாத்திரை இருந்தது. மலிவானது, பழையது, நடுக்கத்தைக் குறைக்கும். அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுத்துத்தான் அது நடுக்கத்தைக் குறைக்கிறது. கவனத்துக்கும் நினைவுக்கும் மூளை நம்பியிருப்பதும் அதே வேதிப்பொருளைத்தான். வயதானவர்களுக்கு இதைக் கூடியவரை தவிர்க்கச் சொல்லி மருத்துவப் பாடநூல்களே சொல்கின்றன. அம்மாவுக்கு அப்போது அறுபத்தாறு வயது. இரண்டு மாதத்தில் கை அடங்கியது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. காபி டம்ளர் தாளம் போடவில்லை.

ஆனால் அம்மா நடு அறையில் நின்று, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் சுவரைப் பார்த்தாள். வாய் உலர்ந்து, நாக்கு ஒட்டிக்கொண்டு பேசினாள். முற்றத்தில் பச்சைப் பாவாடை கட்டிய ஒரு சிறுமி உட்கார்ந்திருப்பதைச் சாயங்காலம் தோறும் பார்த்தாள். பயப்படவில்லையாம். அந்தப் பிள்ளை சாப்பிட்டிருக்குமா என்ற கவலைதானாம். இதை அவள் என்னிடம் சொன்னது நான்கு மாதம் கழித்து, அதுவும் கதவைச் சாத்திவிட்டு. "ஏட்டி, உங்கப்பாட்ட சொல்லிராத. கோட்டின்னுருவாங்க." எங்கள் ஊரில் ஒரு பெண் இல்லாததைப் பார்த்தால் வேப்பிலை வரும், கோடாங்கி வருவார். இல்லாததைப் பார்ப்பது இந்த நோயிலும் இந்த மாத்திரையிலும் தெரிந்த விஷயம்தான் என்று சொல்ல ஆள் வருவதில்லை. கணவன், மகன், மருமகள் முன்னிலையில் "உங்களுக்கு ஏதாவது உருவம் தெரிகிறதா?" என்று கேட்டால் எந்தப் பெண் உண்மையைச் சொல்வாள்?

மதுரையில் இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் ஒரு பெண். பெண் என்பதால் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. எங்களை வெளியே உட்காரச் சொன்னார், அதுதான் வித்தியாசம். இருபது நிமிடம் அம்மாவிடம் தனியாகப் பேசினார். அந்த மாத்திரையைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார், லெவோடோபாவைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தார். (இந்த மாத்திரையை யாரும் தானாக, ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. அது ஆபத்து.) பச்சைப் பாவாடைச் சிறுமி வருவதை நிறுத்தினாள். நடுக்கம் கொஞ்சம் திரும்பியது. அண்ணன் முகம் சுளித்தான். அப்போது அம்மா சொன்னாள்: "கை ஆடினா ஆடட்டும். தல நிக்கட்டும்."

எது முக்கியம் என்று அவளிடம் முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள். வாழ்க்கைத் தரம் என்பது யாருடைய கண்ணில் என்பதுதான் இங்கே விஷயம். பார்ப்பவர் கூசாமல் இருப்பதா, வாழ்பவர் தன் நாளைத் தானே நடத்துவதா?

லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன்பாவது போட வேண்டும். பருப்பும் முட்டையும் பாலும் மீனும் வயிற்றில் இருந்தால் அந்தப் புரதம் மருந்தோடு போட்டிபோடும், மருந்து மூளைக்குப் போவது குறையும். நேரம் தவறினால் உடல் விறைப்பதோடு யோசனையும் மந்தமாகும், காரணமில்லாத படபடப்பும் வரும். எளிய விதிதான். ஆனால் வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிறவளுக்கு "சாப்பாட்டுக்கு அரை மணி முன்" என்பது எத்தனை மணி? அப்பா ஒன்றரைக்கு வருவார், இல்லையென்றால் இரண்டரைக்கு. அம்மா மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்ப்பாள். இப்போது நான் கட்டளை போட்டு அவளை ஒரு மணிக்குச் சாப்பிட வைத்திருக்கிறேன். முதல் வாரம் அவள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, திருடுவதைப் போலச் சாப்பிட்டாள்.

சிந்தனைத் திறனைச் சோதிக்கும் தாள்களைப் பற்றியும் பேச வேண்டும். 2005இல் வெளியான மாண்ட்ரியல் சோதனை உலகம் முழுக்கப் பயன்படுகிறது, தமிழிலும் இருக்கிறது. கடிகாரம் வரைய வேண்டும், கனசதுரம் வரைய வேண்டும், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டோ அதற்குக் குறைவாகவோ பள்ளியில் படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட அம்மாவுக்கும் அதே ஒரு மதிப்பெண்தான், பிளஸ் டூ முடித்தவருக்கும் அதேதான். படிப்பறிவு குறைந்தவர்களுக்கென வேறு வடிவமும் உண்டு. அது அம்மா முன்னால் வைக்கப்படவில்லை. கனசதுரத்தை அவள் வாழ்நாளில் வரைந்ததில்லை. கோலம் போடச் சொல்லியிருந்தால் பதினைந்து புள்ளிச் சிக்குக்கோலத்தில் எந்த இடத்தில் இழை தடுமாறுகிறது என்று பார்த்திருக்கலாம். நூறிலிருந்து ஏழைக் கழிக்க அவள் திணறினாள். அதே அம்மா பன்னிரண்டு பெண்களை வைத்து ஏலச்சீட்டு நடத்தியவள். போன தொகையைப் பன்னிரண்டால் வகுத்து, ஆளுக்கு எவ்வளவு கழிவு என்று ஏலம் முடிந்த நிமிடமே வாயால் சொல்வாள். அந்த வேகம் குறைந்துவிட்டதா? குறைந்துவிட்டது. எவ்வளவு உயரத்திலிருந்து குறைந்தது என்று அந்தத் தாளுக்குத் தெரியாது.

பார்க்கின்சன் நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்க இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் உருவான கேள்வித்தாள் ஒன்று உண்டு. 39 கேள்விகள். நல்ல கேள்வித்தாள்தான், மனச்சோர்வு, கூச்சம், தனிமை எல்லாவற்றையும் கேட்கிறது. நானே தமிழாக்கி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதல் கேள்வி, நீங்கள் விரும்பும் பொழுதுபோக்குகளில் ஈடுபடச் சிரமமாக இருந்ததா என்பது. அம்மா வெகுநேரம் யோசித்தாள். "பொழுதுபோக்குன்னா?" என்று கேட்டாள். விளக்கினேன். "அப்படி ஒண்ணு இருந்தாத்தான சிரமமா இல்லியான்னு சொல்ல முடியும்" என்றாள். பிற்பகுதியில் கணவரிடமிருந்து வேண்டிய ஆதரவு கிடைக்காமல் போனதா என்று வருகிறது. அதற்கு அடுத்த அறையைக் கண்ணால் காட்டிவிட்டு, "அடுத்ததுக்குப் போ" என்றாள். இது சிந்தனைத் திறன் குறைந்தவர் சொல்லும் பதிலா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதுதான் எனக்கு அதிகம் ஆத்திரம். முதல் மூன்று வருடம் "அவளுக்கு ஒண்ணுமில்ல, கைதான்" என்றவர்கள், நோயின் பெயரோடு மறதி என்ற சொல்லும் சேர்ந்து வந்ததும் ஒரே நாளில் மறுகரைக்குத் தாவினார்கள். அம்மாவுக்குப் புத்தி சரியில்லை, இனி எதுவும் அவளிடம் கேட்க வேண்டாம். ஏலச்சீட்டை அவளைக் கேட்காமலே அண்ணன் முடித்துவைத்தான். பாஸ்புக் அப்பாவிடம் போனது. பீரோச் சாவி மதினி இடுப்புக்குப் போனது. பாட்டி அம்மாவுக்குக் கொடுத்த நாலு சென்ட் மனை பற்றி அம்மா இல்லாத நேரத்தில் பேச்சு நடந்தது. அவள் தலையால் குடும்பம் நடந்தபோது அவளுக்குத் தலை இருப்பதே தெரியவில்லை. எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும்போது மட்டும் தலை போய்விட்டது என்பது உடனே தெரிந்துவிடுகிறது. மெதுவாக யோசிப்பதும் யோசிக்க முடியாமல் போவதும் ஒன்றல்ல. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சன் நோயைத் தன் பட்டியலில் பெயர்சொல்லிச் சேர்த்திருக்கிறது. மாற்றுத்திறனாளிக்குச் சொத்து வைத்திருக்கவும் தன் பணத்தைத் தானே கையாளவும் உள்ள உரிமையையும் அதே சட்டம் சொல்கிறது. பாஸ்புக்கைத் திரும்பக் கேட்டபோது அதைத்தான் வாசித்துக் காட்டினேன். "வீட்டுக்குள்ள சட்டம் பேசுறியா?" என்றார் அப்பா. ஆமாம், வீட்டுக்குள்தான் பேச வேண்டும்.

முகத்தைப் பற்றிச் சுருக்கமாக. இந்த நோயில் முகத் தசைகள் இறுகி, உணர்ச்சி வெளியே தெரியாமல் போகும். ஆணுக்கு அப்படி இருந்தால் கம்பீரம், பெரிய மனிதத்தனம். மதினியின் தங்கை கல்யாணத்தில் அம்மாவைப் பார்த்தவர்கள், "சம்பந்தியம்மா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காங்க" என்று பேசினார்கள். வந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பது பெண்ணுக்கு விதிக்கப்பட்ட கூலியில்லா வேலை என்பதே அது நின்றுபோகும்போதுதான் தெரிகிறது.

எங்கள் வீட்டில் இப்போது சமைக்க ஓர் அக்கா வருகிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர், இன்னும் இரண்டு வீட்டுச் சமையலையும் தலையில் சுமக்கிறார். எந்த வீட்டில் எத்தனை உப்பு, எந்த வீட்டில் பூண்டு ஆகாது என்று எல்லாம் அத்துப்படி. நாளை அவர் காய் வேகுமுன் புளியை ஊற்றினால் அவருக்கு ஸ்கேன் கிடைக்காது. வேலை போகும். அம்மாவுக்கு ஒன்றரை வருட ஏச்சோடு முடிந்ததே வசதிதான் என்று எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

என்னையும் விட்டுவிடக் கூடாது. வகுப்பில் ஒரு மாணவி பதில் தேடித் திணறினால் காத்திருப்பேன், மற்ற பிள்ளைகளை அடக்குவேன். அம்மா ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்றால் மீதியை நானே முடித்துவைப்பேன். உதவி என்றுதான் நினைத்தேன். ஒருநாள் அவள், "நான் சொல்ல வந்தது அது இல்ல" என்றாள். பிறகு எதைச் சொல்ல வந்தாள் என்று கேட்டேன். "போயிருச்சு" என்றாள். இப்போது மனதுக்குள் பதினைந்துவரை எண்ணிக் காத்திருக்கிறேன். பெரும்பாலும் பன்னிரண்டில் வந்துவிடுகிறது. நடக்கும்போது அவளிடம் பேச்சுக் கொடுப்பதில்லை, நடையும் பேச்சும் சேர்ந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. அடுக்களைச் சுவரில் ஒரு தாளில் பெரிய எழுத்தில் வரிசை எழுதி ஒட்டியிருக்கிறோம்: காய், உப்பு, வெந்ததா பார், பிறகு புளி. வாரம் இரண்டு நாள் அம்மா சமைக்கிறாள், அவளாகக் கேட்டுவாங்கிய நாட்கள். ஒரே அடுப்பு, ஒரே குழம்பு, ஒரு மணி நேரம். கூட நிற்கலாம், கையைப் பிடுங்கக் கூடாது என்பது நிபந்தனை.

பீரோச் சாவியும் இப்போது அம்மாவிடம் இருக்கிறது. போன மாதம் அது காணாமல் போய், அரைநாள் தேடி, கடைசியில் அரிசிப் பானைக்குள் கிடைத்தது. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றான் அண்ணன். அந்த நேரம் அப்பா தன் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். வாரத்துக்கு ஒருமுறை அதைத் தேடுவார். அவர் பாஸ்புக்கை யாரும் இதுவரை கேட்டதில்லை.